“சேர் செஞ்சி தந்திடுவார்”

கொஞ்சம் நீளமான பதிவு, பின்னேரத் தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள். ஆசிரியர்களை நினைத்துத்தான் எழுதத் தொடங்கினோம். பிரதேச செயலகத்தில், வங்கியில், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நம் ஊரவர்களுக்கும் இதில் ஏதாவது இருக்கக்கூடும்.

கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நாம் ஐந்து பேர் போன கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். இரண்டு வருடம் ஒன்றாகப் படித்து, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சிக்கு ஆளுக்கொரு பாடசாலையாகப் பிரிந்து, பிறகு ஒரே நாளில் நியமனக் கடிதம் எடுத்தவர்கள். சோறு பாதி முடியும்போது பேச்சு வழமைபோல பதவி உயர்வுக்கு வந்தது. ஒருவருக்கு உயர்வுக் கடிதம் வந்து நிலுவையும் கைக்குக் கிடைத்துவிட்டது. ஒருவர் அதிபர் சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறார். நம் எல்லோரையும் விட அதிகமாகப் பாடசாலைக்கு உழைத்தவர் என்று நாமே ஒப்புக்கொள்ளும் நண்பருக்கு மட்டும் இன்னும் ஒன்றுமில்லை. மொடியூல் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “எங்கடாப்பா நேரம் கெடச்சிச்சி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதன் பிறகு இறைச்சியில் அவர் கை வைக்கவில்லை.

அவருடைய பாடசாலையில் அவர் செய்யாத வேலை இல்லை. நேரசூசி போடுவது அவர். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு இழுப்பது அவர். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளை மற்ற ஆசிரியர்களுக்கும் சேர்த்துக் கொம்பியூட்டரில் ஏற்றுவது அவர். யாராவது லீவு என்றால் ரிலீப் பாடத்துக்கு முதலில் எழுதப்படுவது அவருடைய பெயர். வலயத்திலிருந்து ராத்திரி எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு படிவம் வந்து, “நாளை காலை பத்து மணிக்கு முன்” என்று கீழே இருந்தால், அதிபர் கோல் எடுப்பதும் அவருக்குத்தான். “சேர் செஞ்சி தந்திடுவார்.” பன்னிரண்டு வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றினார்.

அவரைப் பார்த்துப் பரிதாபப்படும் இடத்தில் நாம் இல்லை. நாமும் அதே பெயரை எடுத்தவர்கள்தான்.

2020இல் பாடசாலைகளை மூடி, சூம், வட்ஸ்அப் என்று படிப்பிக்கத் தொடங்கிய காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். லெப்டொப் தெரிந்த இளம் ஆசிரியர் என்றால் பாடசாலையின் தொழில்நுட்பப் பிரிவு முழுவதும் அவர்தான். மூத்த சேர்மாருக்கு லிங்க் போட்டுக் கொடுப்பது, பிள்ளைகளின் வரவு எடுத்து அனுப்புவது, வலயம் கேட்கும் அட்டவணைகளை நிரப்புவது எல்லாம் நம் தலையில் வந்தன. விருப்பத்தோடுதான் செய்தோம், அதை மறைக்கவில்லை. நாலு பேர் நம்மைத் தேடி வருவது இனிப்பாகத்தான் இருந்தது. பாடசாலை திறந்தது, அந்த வேலைகள் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

தரம் 11 கணிதம் அப்போது நம் கையில். கிழமைக்கு இரண்டு மூன்று பாடவேளையாவது, “சேர், ஒபிசுக்கு ஒருக்கா வாங்க” என்று போய்விடும். அப்போது ஒரு பாடவேளை 40 நிமிடம். அதில் இருபது நிமிடம் ஒபிசில் போனால் மிச்ச இருபதில் ஒரு கணக்கைக்கூட ஒழுங்காக விளங்கப்படுத்த முடியாது. பலகையில் பயிற்சியைப் போட்டு, “செஞ்சி வைங்க” என்று சொல்லிவிட்டு ஓடுவோம். பிள்ளைகள் செய்து வைப்பார்கள். திருத்த ஆள் இருக்காது.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும்போது ஒரு வாப்பா வந்தார். கடலுக்குப் போகிறவர். அன்று கடல் கொந்தளிப்பு, தோணி தள்ளவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். “சேர், குறை சொல்ல வரல்ல. மகள் சொல்றா கணக்குல நாலு பாடம் இன்னும் தொடங்கல்லயாம். டியூசனுக்கு அனுப்ப இப்ப கையில ஒண்டுமில்ல. நீங்க முடிச்சித் தருவீங்களா எண்டு கேட்டுட்டுப் போகலாமெண்டு வந்தன்.”

அவர் சத்தம் போட்டிருந்தால் நமக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்த நேரம் நம் மேசையில் விரித்துக் கிடந்தது தளபாடக் கணக்கெடுப்புப் படிவம். எத்தனை கதிரை உடைந்திருக்கிறது, எத்தனை மேசை திருத்தலாம் என்று எழுதிக்கொண்டிருந்தோம்.

பின்னேர வகுப்பு வைத்து நாலு பாடத்தையும் முடித்தோம் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். மூன்றைத்தான் முடித்தோம், அதிலும் ஒன்று ஓட்டமாக. அந்தப் பிள்ளைக்குச் சாதாரண சித்தி கிடைத்தது. அவளுடைய கொப்பியைப் பார்த்தவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், ‘ஏ’ எடுத்திருக்க வேண்டியவள். கடையில் கண்டால் அவளுடைய வாப்பா இன்றைக்கும் சலாம் சொல்லி, சுகம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்.

அதிகமாக வேலை செய்கிறோம் என்ற பெருமையில், சம்பளம் வாங்குகிற வேலையை விட்டுவிட்டோம் என்பது அந்த வருடம்தான் உறைத்தது. பாடம்தான் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இதில் அதிபரை மட்டும் பிழை சொல்லவும் முடியாது. ஒபிசில் ஆள் குறைவு, மேலேயிருந்து கேட்கும் விபரம் அதிகம். யார் மறுக்கமாட்டாரோ அவரிடம் வேலை போய்ச் சேரும், தண்ணி பள்ளத்தைத் தேடிப் போகிற மாதிரி. பள்ளமாக இருந்தது நாம்.

டீச்சர்மாரின் பாடு இதைவிடப் பாரம். ஸுபஹுக்கு முன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழ முன் கையொப்பம் வைக்க ஓடி வருகிறார்கள். பாடசாலை விட்டால் வீட்டில் இரண்டாவது டியூட்டி. அவர்களிடம் “மொடியூல் ஏன் முடிக்கல்ல” என்று கேட்க முன், சனிக்கிழமைகளில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார் என்று கணவன்மாரிடம் கேட்க வேண்டும். கணவன்மாரில் நாமும் அடக்கம். இந்த வரியை வீட்டில் வாசித்துக் காட்டியபோது கிடைத்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இதைச் சொன்னதும் சிலர் மறுபக்கம் பாய்வார்கள். “அதுதான் நாங்க ஒண்டுமே எடுக்கிறல்ல” என்பார்கள். எல்லாப் பாடசாலையிலும் ஆசிரியர் ஓய்வறையில் அப்படி ஒரு மூலை உண்டு. வருடத்துக்கு 41 நாள் லீவு, அதில் இன்றைக்கு எத்தனை மிச்சம் என்று அங்கே விரல் நுனியில் இருக்கும். லீவு உரிமை, தாராளமாக எடுக்கட்டும். நமக்குப் பயம் வேறு ஒன்றில். புதிதாக வந்த தம்பியோ தங்கச்சியோ ஒரு கணித முகாம் வைப்போமா, வாசிகசாலையைத் துப்புரவாக்குவோமா என்று கேட்டால் அந்த மூலையிலிருந்து ஒரு கேள்வி வரும்: “அதுக்கு ஒங்களுக்கு என்ன தருவாங்க?” அந்தக் கேள்வி ஒரு இளம் ஆசிரியரை இரண்டு தவணையில் கிழவனாக்கிவிடும். நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். ஒரு வேலையும் எடுக்காதவருக்கு, வேலை செய்து பழகுகிற எதுவும் கிடைப்பதில்லை. பத்து வருடச் சேவை என்பார், முதல் வருடத்தைப் பத்துத் தடவை செய்திருப்பார்.

குறையே பேசக்கூடாது என்று சொல்ல வரவில்லை. 2021 ஜூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் 24 வருடச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஒன்லைன் கற்பித்தலில் இருந்து விலகினார்கள். ஒக்டோபர் வரை அது நீண்டது. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென்று 30 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளின் படிப்பு பாதிக்கப்பட்டது என்ற கோபம் ஊரில் பலருக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அது சங்கத்தில் சேர்ந்து, கோரிக்கையை எழுதி, பெயர் கொடுத்துப் பேசிய குறை. ஓய்வறை மூலையில் பேசப்படும் குறைக்கு அனுப்ப ஒரு முகவரி கிடையாது.

அடுத்த வருடத் தொடக்கத்தில் நாம் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. நம்மிடம் இருந்த மேலதிக வேலைகளை ஒரு தாளில் எழுதினோம். ஏழு வந்தது. ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று பக்கத்தில் குறித்தோம். பாடசாலை விட்டு எல்லோரும் போன பிறகு அதிபரிடம் தனியாகப் போய், தரம் 11 இந்த முறை முழுதாக முடிய வேண்டும், நேரசூசியையும் கணிப்பீட்டுத் தரவையும் நாமே வைத்துக்கொள்கிறோம், மற்ற ஐந்தையும் இந்தத் தவணைக்குள் வேறு ஆட்களுக்குப் பழக்கித் தருகிறோம் என்றோம். “முடியாது” என்ற சொல் அந்தப் பேச்சில் வரவில்லை. ஆனாலும் அதிபரின் முகம் மாறியது. இரண்டு கிழமை நம்மோடு சரியாகக் கதைக்கவில்லை. அந்த இரண்டு கிழமை கஷ்டம்தான், நல்ல பெயர் எடுத்துப் பழகியவர்களுக்கு அது காய்ச்சல் மாதிரி. மூன்றாவது கிழமை அவரே கூப்பிட்டு, “யாருக்கு எதைக் கொடுக்கலாம்” என்று கேட்டார்.

தளபாடக் கணக்கை ஓய்வு பெற ஐந்து வருடம் இருந்த ஒரு மூத்த டீச்சர் எடுத்தார். அவருக்கு எக்செல் வராது என்று நாமே முடிவு கட்டி வைத்திருந்தோம், ஒரு தடவையும் கேட்டுப் பார்த்ததில்லை. மூன்று கிழமையில் பிடித்துக்கொண்டார். முதல் மாதமே, நாம் இரண்டு தடவை எண்ணி எழுதியிருந்த பதினான்கு கதிரைகளைக் கண்டுபிடித்துச் சபையில் சொன்னார்.

எந்த வேலையை வைத்துக்கொள்வது என்பதையும் யோசித்துத்தான் பார்த்தோம். நேரசூசி போடுகிறவருக்குப் பாடசாலையின் நாடி தெரியும். எந்தப் பாடத்துக்கு ஆளில்லை, யாருக்குப் பாடவேளை கூட, எந்த வகுப்புக்குக் கடைசிப் பாடவேளையில் விஞ்ஞானம் போடக்கூடாது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் படிபடும். நாளைக்கு அதிபர் சேவைக்கோ கல்வி நிருவாக சேவைக்கோ போக நினைக்கிறவருக்கு அது படிப்பு. கதிரை எண்ணுவதில் நமக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

இனி கடிதக் கதை. நம் நண்பர் பன்னிரண்டு வருடம் செய்த வேலைக்கு அவருடைய பேர்சனல் பைலில் ஒரு துண்டுக் கடிதம் இல்லை. வாயால் சொன்னார்கள், செய்து கொடுத்தார். அதிபர் மாறினார், வந்தவருக்கு முன் நடந்தது தெரியாது. பொறுப்பு ஒன்றை ஏற்றால் அன்றைக்கே ஒரு வரியில் கடிதம் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் இதைப் பெருமையடிப்பது என்று நினைக்கிறார்கள். நன்மை மறைவாக இருக்க வேண்டும் என்பார்கள். ஸதகா மறைவாக இருக்கட்டும். அரச உத்தியோகத்தில் நேர்முகப் பரீட்சைச் சபை பைலைத்தான் புரட்டிப் பார்க்கும்.

உயர்வும் தானாக வந்து கதவைத் தட்டாது. சேவைக்காலம் பூர்த்தியாக வேண்டும், மொடியூல் முடிய வேண்டும், வருடாந்தச் சம்பள ஏற்றங்கள் ஒழுங்காகப் பெற்றிருக்க வேண்டும், பிறகு நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று பிந்தினால் உயர்வுத் திகதி பிந்தும். அது அடுத்த உயர்வையும் பிடித்து இழுக்கும், ஓய்வூதியம் வரைக்கும் அதன் நிழல் போகும். வீட்டில் பிள்ளைகள் வளர்கிறார்கள், கடையில் சாமான் விலை நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே மொடியூலுக்கு நேரமில்லை என்பது தியாகம் இல்லை, அந்த வீட்டுக் காசு.

“மந்திரிட கடிதம் எடுத்தா எல்லாம் சரி” என்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இடமாற்றத்துக்குக் கடிதம் எடுத்தவர்களைக் கண்டிருக்கிறோம். ஆட்சி மாறியதும் அதே கடிதத்தை ஒளித்து வைத்தவர்களையும் கண்டிருக்கிறோம்.

சிங்களம் பற்றி வேறாக எழுத வேண்டும். இசுருபாயவுக்குப் போய் ஒரு விளக்கம் கேட்க இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும், நம் அலுவல் அந்த இன்னொருவரின் லீவில்தான் தங்கியிருக்கிறது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கல்யாண வீட்டிலிருந்து வெளியே வரும்போது நண்பரின் போன் அடித்தது. அதிபரின் பெயர். ஒரு வருடத்துக்கு முன்பென்றால் அந்த இடத்திலேயே, கையில் வாசம் போக முன் எடுத்திருப்பார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். “ஊட்ட போய் எடுக்கிறன்” என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தவணை விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை அவரோடு நாமும் வலயத்துக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். பேர்சனல் பைலைப் பார்த்து, என்ன குறைகிறது என்று எழுதிக்கொண்டு வர. வேனில் இன்னும் மூன்று பேருக்கு இடமிருக்கிறது. டீச்சர்மார் யாராவது வருவதென்றால் நம் வீட்டிலிருந்தும் ஒருவர் வருகிறார், அவருடைய பைலும் அங்கேதான் கிடக்கிறது. நியமனக் கடிதம், கடைசிச் சம்பள ஏற்றக் கடிதம் இரண்டினதும் போட்டோகொப்பியைக் கொண்டு வாருங்கள். காலை எட்டு மணி, ஜும்ஆப் பள்ளிக்கு முன்னால்.