உடைந்த கைக்குக் கொடுத்த காசு வீணா?

பேஸ்போல் எங்கட ஊரில் இராத்திரி முழிச்சிருந்து பார்க்கிற விளையாட்டு இல்லை. எங்களிலேயே பாதிப் பேருக்கு அதின்ட விதிகள் முழுசாய்த் தெரியாது. ஆனாலும் ஒரு வீரரைச் சுற்றி நடக்கிற வாதம் எங்களை விடாமல் பிடிச்சுக்கொண்டது. அவர் பெயர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பேர்க். வொஷிங்டன் நஷனல்ஸ் அணியின் பிட்ச்சர், அதாவது பந்தெறிபவர். 2019 டிசம்பரில் 7 வருசத்துக்கு 245 மில்லியன் டொலர் ஒப்பந்தம் போட்டார். அதுக்குப் பிறகு அவர் விளையாடியது மொத்தமே 8 மெச். எறிந்தது 31 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும். 2024 ஏப்ரலில் ஓய்வு.

கல்குலேட்டரைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். 245ஐ எட்டால் பிரி. மெச் ஒன்றுக்கு 30 மில்லியன் டொலர். உடனே தீர்ப்பு: "காசு வீண். சும்மா இருந்து சம்பளம் வாங்கின ஆள்."

இந்தக் கணக்கே பிழை என்பதுதான் எங்கட கட்சி.

முதலில் அந்த வேலை என்ன எண்டு பார்ப்போம். ஸ்டார்டிங் பிட்ச்சர் என்றால் மெச்சைத் தொடக்கி வைக்கிறவர். ஒரு நாளில் நூறு பந்துக்குக் கிட்ட எறிவார். பிறகு நாலைந்து நாள் ஓய்வு, திரும்பவும் நூறு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் முழங்கையை மடக்கி எறிய ஏலாது. இங்கே முழங்கையை மடக்கி, முழுப் பலத்தோடும் எறிய வேணும். மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில், வருசத்துக்கு மூவாயிரம் தரம். மனிசன்ட முழங்கை இதுக்காகப் படைக்கப்பட்டதில்லை. உட்பக்கத்தில் இருக்கிற சின்னத் தசைநார் ஒரு நாள் கிழியும். கிழிந்தால், உடம்பின் வேறொரு இடத்தில் இருந்து நார் எடுத்து அங்கே கோர்த்துத் தைப்பார்கள். 1974இல் டொமி ஜோன் என்ற பிட்ச்சருக்குத்தான் டொக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் செய்தார். இன்றைக்கும் அந்த ஒப்பரேசனுக்கு அவர் பெயர்தான். திரும்பி விளையாட ஒரு வருசத்துக்கு மேல் ஆகும்.

ஸ்ட்ராஸ்பேர்க்குக்கு அது 2010இல், 22 வயதில் நடந்தது. 2012இல் அணி நல்லாய் விளையாடிக்கொண்டிருக்கும்போதே, அவருடைய கையைக் காப்பாற்ற வேணும் என்று சொல்லி நிர்வாகமே 159 இன்னிங்ஸோடு அவரை நிறுத்தியது. அப்போதும் பலர் சிரித்தார்கள். இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கிறதுக்கு இவர் என்ன கண்ணாடியோ?

இனி 2019க்கு வருவோம். மே மாதம் 50 மெச்சில் 31ஐத் தோற்றிருந்த அணி, ஒக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் இறுதிக்கு வந்தது. ஹூஸ்டனுக்கு எதிராக ஏழு மெச். அதில் இரண்டாவதையும் ஆறாவதையும் வென்று கொடுத்தவர் ஸ்ட்ராஸ்பேர்க். ஆறாவதைத் தோற்றிருந்தால் எல்லாம் முடிஞ்சுது. அந்த மெச்சில் எட்டு இன்னிங்ஸைத் தாண்டி எறிந்தார். தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். அந்த ஒரு வருசத்தில் மட்டும் 240 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்திருந்தார். ஒப்பந்தம் வந்தது அதுக்குப் பிறகு. அடுத்த வருசமே கை விறைத்து மணிக்கட்டில் ஒப்பரேசன். 2021இல் நரம்பு நெருக்குப்படுவதைத் தடுக்க விலா எலும்பு ஒன்றை எடுத்தார்கள். 2022இல் ஒரேயொரு மெச். அவ்வளவுதான்.

அவரை நிறுத்தி நிறுத்திக் காப்பாற்றிய வருசங்களும், ஒரே வருசத்தில் பிழிந்து எடுத்த 240 இன்னிங்ஸும் அந்த 8 மெச் கணக்கில் எங்கே இருக்கு?

இன்னும் ஒன்று. ஸ்ட்ராஸ்பேர்க்கைத் தனியாய்ப் பார்க்கிறதால்தான் கதை பிழைக்குது. அதே அணியில் பெரிய ஒப்பந்தம் வாங்கிய பிட்ச்சர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

மெக்ஸ் ஷேர்சர்: 2015இல், 30 வயதில், 7 வருசத்துக்கு 210 மில்லியன். 2016இலும் 2017இலும் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. 2019 இறுதியில் ஐந்தாவது மெச் அன்று கழுத்துப் பிடித்து, கையைத் தூக்க ஏலாமல் விலகினார். மூன்று நாள் கழித்து ஏழாவது மெச்சைத் தொடக்கி ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார். இவருடையது "நல்ல ஒப்பந்தம்" என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பெட்ரிக் கோர்பின்: 29 வயதில், 6 வருசத்துக்கு 140 மில்லியன். ஷேர்சருக்குப் பிறகு வந்து மூன்று இன்னிங்ஸ் ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எறிந்தவர். கிண்ணம் வென்ற அந்த ஏழாவது மெச்சின் வெற்றி அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கு. அதுக்குப் பிறகு அவர் காயப்படவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு சீசனும் 30 மெச்சுக்கு மேல் தொடக்கினார். ஆனால் பந்து பழையபடி போகவில்லை. 2022இல் மட்டும் 19 தோல்வி. அவரையும் இதே ஆட்கள் "காசு வீண்" என்றார்கள்.

கவனியுங்கோ. கை உடைஞ்சு வீட்டில் இருந்தவரும் வீண். கை உடையாமல் ஒவ்வொரு முறையும் வந்து நின்று அடி வாங்கினவரும் வீண். அப்ப ஒரு பிட்ச்சர் என்னதான் செய்ய வேணும்? தேயாமல் இருக்க வேணும். அதுதான் ஏலாத காரியம்.

இதில் அநேகமாய் யாரும் கதைக்காத விசயம் வயசு. பெரிய லீக்கில் ஆறு வருசம் முடித்தால்தான் ஒரு வீரர் விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். அதில் முதல் மூன்று வருசம் போலக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கும். கை புதுசாய், வேகமாய் இருக்கிற காலம் அணிக்கு மலிவு. பேரம் பேசும் உரிமை கைக்கு வரும்போது வயசு 29, 30, 31. தசைநார் பாதி தேய்ஞ்சிருக்கும். அதனால் அனுபவசாலிகளின் பெரிய ஒப்பந்தத்தை வருங்காலத்துக்கான முதலீடு என்று மட்டும் பார்க்கக் கூடாது. பாதி, பிந்தி வந்த சம்பளம்.

அந்த உரிமையும் சும்மா வரவில்லை. முந்தி ஒரு அணி வீரரைக் காலம் பூராகக் கட்டி வைக்கலாம். டொட்ஜர்ஸ் அணியின் சண்டி கூஃபக்ஸ் 1966இல் 27 வெற்றி எடுத்தார். அந்த வருசச் சம்பளம் 125,000 டொலர். அதைக்கூட அணித்தோழர் டொன் ட்ரைஸ்டேலோடு சேர்ந்து, விளையாட வரமாட்டோம் என்று நின்றுதான் வாங்கினார். முழங்கை மூட்டுவாதத்தால் அதே வருசம் ஓய்வு. வயசு 30. கை போனது, சம்பளமும் போனது. 1975இல் அன்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னலி என்ற இரண்டு வீரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் வழக்காடி அந்தக் கட்டை உடைத்தார்கள். இரண்டு பேரும் பிட்ச்சர்கள்தான்.

"கோடீஸ்வரருக்காக ஏன் நீங்கள் அழுகிறீங்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்ட்ராஸ்பேர்க்குக்காக நாங்கள் அழவில்லை. அவருடைய பேரப்பிள்ளைகளும் வசதியாய் இருப்பார்கள். எங்கட கவலை, அதே தசைநார் கீழ் லீக்கில் கிழிகிற பையனைப் பற்றி. பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே, 2023 வரை குறைந்தபட்சச் சம்பளம் வருசத்துக்கு 17,500 டொலர். தொழிற்சங்கம் வந்த பிறகுதான் அது 35,800 ஆனது. அவனுக்கு 7 வருச உத்தரவாதம் இல்லை. அநியாயம் இருக்கிற இடம் அதுதான். ஆனால் "காயப்பட்டவனுக்குக் காசு கொடுப்பது வீண்" என்று மேலே இருக்கிறவரைப் பார்த்துச் சொல்லப் பழகினால், கீழே இருக்கிறவனுக்கும் அதே நியாயத்தைத்தான் காட்டுவார்கள்.

அணி முதலாளிகள் ஏமாந்தவர்களும் இல்லை. முழங்கை எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்துதான் கையெழுத்து வைத்தார்கள். மூன்று பேருக்கும் எழுதிக் கொடுத்தது மொத்தம் 595 மில்லியன். அதுக்கு அந்த அணிக்குக் கிடைத்தது அதன் முதல் கிண்ணம். வொஷிங்டன் நகரத்துக்கோ 1924க்குப் பிறகு முதல் தரம்.

ஷேர்சர் 2021இலேயே அந்த அணியை விட்டுப் போய்விட்டார். ஆனால் அவருடைய 210 மில்லியனில் பாதி பிற்போடப்பட்டதால், 2028 வரை வருசம் 15 மில்லியன் அவருக்கு அங்கே இருந்து போய்க்கொண்டே இருக்கும். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. செய்த வேலைக்கான காசு என்கிறார்கள். ஸ்ட்ராஸ்பேர்க்கின் காசும் அதேதான். அவர் கொடுத்தது ஒரு கை.