நான்கு மணிப் பசிக்கு ஒரு திட்டம்

தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின், நம் ஊரின் கடிகாரம் ரயிலின் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியது. ஆண்டர்சன்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் விடியலில் மாரிக்குப்பம் ரயில் ஏறிப் பெங்களூரு சென்று இரவில் திரும்புகின்ற பெற்றோர் ஏராளம். குழந்தைகளோ மாலை நான்கு மணியளவில் பள்ளியிலிருந்து வந்துவிடுகின்றனர். அந்த நேரத்துக்கும் இரவுச் சோற்றுக்கும் இடைப்பட்ட நான்கைந்து மணி நேரத்தில் அவர்கள் உண்பது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பெரும்பாலான வீடுகளில் இதற்கான விடை, பாட்டியின் கையில் விட்டுச் செல்லும் சில்லறைக் காசு. தெருமுனைக் கடையில் ஒரு உறைச் சிற்றுண்டி. வீட்டில் ஒரு குவளை தேநீர், இரண்டு ரஸ்க். பெற்றோர் வீடு திரும்பும் வேளையில் குழந்தைக்குப் பசி இருப்பதில்லை. குடும்பம் ஒன்றுகூடி உண்ணக் கிடைக்கும் ஒரே வேளையும் இவ்வாறு வீணாகிறது.

வங்கிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் முதலில் கணக்கைப் பார்க்கிறேன். நாளொன்றுக்கு 20 ரூபாய் எனக் கொண்டால், 25 நாள்களுக்கு 500 ரூபாய். ஆண்டுக்கு 6,000 ரூபாய். இதை மிச்சப்படுத்துங்கள் என்று நான் கூறவில்லை. செலவிடும் பணத்துக்கு உரிய பயனைப் பெறுங்கள் என்றே கூறுகிறேன். அதே 20 ரூபாய்க்கு ஏறத்தாழ நூறு கிராம் நிலக்கடலை கிடைக்கும்; அதில் சுமார் 25 கிராம் புரதம் உள்ளது.

கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் சிறு எழுத்துகளைப் படியுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வது எங்கள் வழக்கம். தின்பண்ட உறைக்கும் அதே விதி பொருந்தும். சேர்மானப் பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்று இடங்களில் சர்க்கரையோ மைதாவோ பாமாயிலோ இருந்தால், அதை அன்றாட உணவாக்கலாகாது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள்ளும் விற்கலாகாது என 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஐம்பத்தோராவது மீட்டரிலிருந்து பொறுப்பு பெற்றோருடையது.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தேநீர் தடுக்கிறது. கொய்யாவும் எலுமிச்சையும் அதற்குத் துணைபுரிகின்றன.

மாற்று உணவைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கோலார் மாவட்டம் கேழ்வரகு விளையும் மண். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. கர்நாடக அரசு 2013 ஆகஸ்ட் முதல் பள்ளிகளில் பால் வழங்கி வருகிறது. 2024 முதல் அதனுடன் ராகி மால்ட்டும் சேர்ந்துள்ளது. பள்ளியில் அரசு தொடங்கியதை வீட்டில் நாம் தொடரலாம். ஞாயிறன்று கேழ்வரகு மாவை வறுத்து வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்துவைத்தால் சில நாள்களுக்குத் தாங்கும். முந்தைய இரவு ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காலையில் வேகவைத்துச் சென்றால், மாலையில் பாட்டி தாளித்துச் சுண்டலாக்குவார். மார்கழி, தை மாதங்களில் சந்தையில் குவியும் பச்சை மொச்சையை உப்பிட்டு வேகவைத்தாலே போதும். இவற்றுடன் ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ கொடுக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் முழுக் கடலை தரலாகாது. தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பொடித்துக் கொடுங்கள்.

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்ற கேள்வி நியாயமானது. விடியலில் ரயில் பிடிக்கும் தாயிடம் இன்னொரு வேலையைச் சுமத்துவது தீர்வாகாது. ஞாயிற்றுக்கிழமை வேலையில் தந்தையும் பங்கேற்க வேண்டும். தெருவில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களும் இதை ஒரு தொழிலாகக் கருதலாம். பத்து வீட்டுக் குழந்தைகளுக்குச் சுண்டலும் கடலை உருண்டையும் செய்து தர ஒரு சமையலறை போதும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு இதைத் தொடங்கலாம். இத்தகைய சிறு தொழிலுக்கு முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெற வழியுண்டு.

வைப்புநிதியும் காப்பீடும் குழந்தையின் எதிர்காலத்துக்குத் தேவை. அந்த எதிர்காலத்தைச் சுமக்கப்போகும் எலும்பும் இரத்தமும் இன்றைய மாலையில்தான் உருவாகின்றன. இந்த ஞாயிறன்று மாத வரவு செலவை எழுதும்போது, நான்கு மணிப் பசிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.