இரண்டு பேட்டரி மாற்றியும் செல்ஃப் எடுக்கவில்லை... குறை எங்கே?

“எங்களிடம் 2006-ம் ஆண்டு மாடல் டீசல் கார் இருக்கிறது. வயலுக்கு விதை, உரம் கொண்டு போவதற்கும், அப்பாவை மாதம் இரண்டு முறை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் அதுதான். ஒன்றரை ஆண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டோம். அப்படியும் காலையில் செல்ஃப் எடுக்க மறுக்கிறது. ஓடும்போது டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது. ஒரு மாதமாக பிரேக்கும் கனமாக இருக்கிறது. ‘டைனமோவையே மாற்ற வேண்டும்’ என்கிறார் ஒரு மெக்கானிக். ‘பேட்டரிதான் சரியில்லை, வேறு வாங்குங்கள்’ என்கிறார் இன்னொருவர். சம்பா அறுவடை நெருங்குகிறது. யார் சொல்வதைக் கேட்பது?”

- வாசகர், பூதலூர்.

கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் ‘பிரேக் கனமாக இருக்கிறது’ என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சார்ஜ் ஏறாததும் பிரேக் கனப்பதும் ஒரே இடத்துக் கோளாறாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சரிசெய்யும்வரை இந்த வண்டியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போக வேண்டாம். பூதலூரிலிருந்து ரயில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் போய் வரலாம்.

பிரேக்குக்கும் ‘டைனமோ’வுக்கும் என்ன தொடர்பு?

பழைய அம்பாசடர் காலத்தில் கார்களில் டைனமோதான் இருந்தது. பின்னால் ஆல்டர்னேட்டர் வந்தது. பெயர் மட்டும் பட்டறைகளில் டைனமோ என்றே நின்றுவிட்டது. உங்கள் மெக்கானிக் சொல்வதும் ஆல்டர்னேட்டரைத்தான்.

பிரேக் பெடலை லேசாக மிதித்தாலே வண்டி நிற்பதற்கு, பூஸ்டர் என்ற உருண்டை டப்பாவுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம் இருக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் அந்த உறிஞ்சல் இன்ஜினிலிருந்தே கிடைத்துவிடும். டீசல் இன்ஜினில் அது போதாது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைப்பார்கள். சுமோ, இண்டிகா, பொலிரோ போன்ற வண்டிகளின் பல மாடல்களில் இந்தப் பம்ப், ஆல்டர்னேட்டரின் முதுகில், அதே ஷாஃப்ட்டில் பொருத்தப்பட்டிருக்கும். பம்ப்பின் உராய்வைக் குறைக்க இன்ஜின் ஆயிலும் ஒரு சிறு குழாய் வழியாக அங்கே வந்து போகும்.

உங்கள் வண்டியிலும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ரப்பர் குழாய்கள் சேர்ந்திருந்தால் இந்த அமைப்புதான். அப்படியானால் இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, பெல்ட் தளர்ந்து வழுக்குவது. ஆல்டர்னேட்டர் வேகம் குறைந்தால் சார்ஜும் குறையும், வேக்குவமும் குறையும். இரண்டு, வேக்குவம் பம்ப்பின் ஆயில் சீல் தேய்ந்து, ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்குவது. உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் ஆயிலில் ஊறினால் மின்சாரம் சரியாகப் பாயாது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு வழக்கத்தைவிட வேகமாகக் குறைகிறதா, ஆல்டர்னேட்டரின் அடியில் ஆயில் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

பூஸ்டரைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள், கல்போல் இறுகும். மிதித்த காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், குழாய், பூஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்றில் குறை இருக்கிறது.

பேட்டரி ஏன் அடுத்தடுத்து கெடுகிறது?

போர் மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை என்றால் மேலே இருக்கும் தொட்டியை யாரும் மாற்றுவதில்லை. பேட்டரியும் தொட்டிதான். ஆல்டர்னேட்டர் நிரப்பாவிட்டால் புதுப் பேட்டரியும் அரைகுறை சார்ஜிலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கிற பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, சில மாதங்களில் சக்தியை இழந்துவிடும்.

பழைய டீசல் வண்டியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறிக்காக எப்போதும் மின்சாரம் வேண்டும்; குறைந்தால் வழியிலேயே முரண்டு பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் இன்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால், மிகக் குறைந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பகலில் எந்தக் குறையும் தெரியாது. மார்கழிப் பனியில், இரவில் ஹெட்லைட், காலையில் ஹீட்டர் பிளக் என்று செலவு கூடும்போதுதான் செல்ஃப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டுப் பேட்டரியைக் குறை சொல்கிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். ஓடும் இன்ஜின் பக்கம் குனியும்போது தோளில் துண்டு இருக்கக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது.

1. பெல்ட்: இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இரண்டு புல்லிகளுக்கு நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினாலும், ஓரம் பளபளத்து வெடித்திருந்தாலும் பெல்ட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

2. ஓய்வில் பேட்டரி: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

3. ஓடும்போது: இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஹெட்லைட் போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் போதிய சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினால் ‘கட்அவுட்’ என்று சொல்லப்படும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

4. ஒயர்: ஹெட்லைட் எரிய, இன்ஜின் ஓட, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் போல்ட்டிலும், மறுமுனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஒயரோ இணைப்போ சரியில்லை. அதேபோல ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்குங்கள். சேற்றிலும் ஈரத்திலும் புழங்கும் நம் பகுதி வண்டிகளில் எர்த் பிடிப்பு கெடுவது சகஜம்.

5. விளக்கு: சாவியைத் திருப்பியதும் பேட்டரி விளக்கு நன்றாக எரிந்து, இன்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டும். பல பழைய ஆல்டர்னேட்டர்களில் சார்ஜ் தொடங்கத் தேவையான முதல் மின்சாரம் இந்த விளக்கு வழியாகத்தான் போகும். பல்பு ஃபியூஸ் ஆனாலே சார்ஜ் ஏறாமல் போகலாம். உங்கள் வண்டியில் ஓடும்போது மங்கலாக எரிவது, பிரஷ், டயோடு, ஒயர் இணைப்பு இவற்றில் ஒன்றைப் பார்க்கச் சொல்கிறது.

6. இரவுக் கசிவு: ஓடும்போது சார்ஜ் சரியாக ஏறியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், ஓரிரவு மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துப் பாருங்கள். மறுநாள் செல்ஃப் நன்றாக எடுத்தால், வண்டி நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசிகிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு கசிவு. ஹீட்டர் பிளக் ரிலே ஒட்டிக்கொள்வதும் உண்டு. அறுவடைக்குப் பிறகு வயலிலிருந்து வரும் எலிகள் ஒயரைக் கடித்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி, நல்ல டயோடுகளும் ரெகுலேட்டரும் கருகிவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். வண்டியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயர்களைக் கழற்ற வேண்டும். டிராக்டர் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பும்போது பிளஸ்ஸுக்குப் பிளஸ் கொடுங்கள். டிராக்டரின் மைனஸிலிருந்து வரும் ஒயரைக் காரின் இன்ஜின் இரும்பில் பிடியுங்கள். மாறிவிட்டால் டயோடு போய்விடும். பேட்டரிக்குப் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

ஒருவேளை ஓடும்போது பெல்ட் அறுந்தால், சார்ஜோடு பிரேக் உதவியும் போகும். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவதால் இன்ஜினும் சூடேறும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து, கியரைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

முழு ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் தேவைப்படாது. பிரஷ், ரெகுலேட்டர், டயோடு தட்டு, பேரிங், வேக்குவம் பம்ப் சீல் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. காயில் கருகியிருந்தாலோ, ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலோதான் முழுதாக மாற்றும் பேச்சு வர வேண்டும். ஆல்டர்னேட்டர் பிரித்துப் பழுது பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய், மேலே எடுத்த அளவுகளை எழுதிக் கொடுங்கள். “உள்ளே ஆயில் இறங்கியிருக்கிறதா?” என்று கேளுங்கள். ஆயில் இருந்தால் பிரஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. சீலை மாற்றாவிட்டால் புதுப் பிரஷ்ஷும் ஊறிவிடும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். பொருத்திய பிறகு சார்ஜ் அளவு, பூஸ்டர் சோதனை இரண்டையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது பேட்டரிக்கு இப்போது பணம் எடுக்க வேண்டாம். ஆல்டர்னேட்டர் சரியானதும், இருக்கும் பேட்டரியைக் கடையில் கொடுத்து நிதானமாக முழு சார்ஜ் ஏற்றி, லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தாங்கினால் அதையே வைத்துக்கொள்ளலாம். தாங்காவிட்டால் வாரன்டி அட்டையில் தேதியைப் பாருங்கள், காலம் மீதமிருக்கலாம். அதன்பின் மாதம் ஒருமுறை காலையிலும், வண்டி ஓடும்போதும் வோல்ட் அளவை எடுத்து வீட்டுக் காலண்டரில் குறித்து வாருங்கள். அளவு இறங்கத் தொடங்கினால், செல்ஃப் படுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.