வாயிலோடு நின்ற காவல்

ஒரு நாட்டின் வாயில் எது? முன்னாளில் துறைமுகம், இந்நாளில் வானூர்தி நிலையம். அவ்வாயிலில் நிற்கும் காவலன் எம்மொழியில் பேசுகின்றானோ, அம்மொழியினரே அந்நிலத்தை ஆள்வோர் என்பதை வந்திறங்கும் அயலான் ஒரு நொடியில் அறிந்துகொள்வான்.

அயர்லாந்தின் தலைநகரான தபுளினை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டுத் தலைவர் ஒருவர் வானூர்தியினின்று இறங்கி நகருக்குப் புறப்படுங்கால், ஈருருளி உந்துகளில் காவலர் அணிவகுத்து முன்செல்வர். நெரிசலிற் புகுந்து வெளிவரவும், சாலைச் சந்திகளை முன்கூட்டியே சென்றடைத்து வழியமைக்கவும் ஈருருளியே ஏற்றதாகலின், உலகெங்கும் இவ்வழக்கு உண்டு. அவ்வுந்துகளில் பொறித்துள்ள சொல் 'கார்டா'. காவலைக் குறிக்கும் ஐரியச் சொல் அது. 1922இல் ஆங்கிலப் பெயரோடு தோன்றிய அப்படை, 1923இல் 'அமைதிக் காவலர்' எனப் பொருள்படும் ஐரியப் பெயரைப் பூண்டது. இன்று அந்நாட்டாருட் பெரும்பாலோர் வீட்டிற் பேசுவது ஆங்கிலமே. ஆயினும், அவ்வாங்கிலத்திற்கு நடுவிலும் காவலரைக் 'கார்டா' என்றே அழைக்கின்றனர். வேல்சு நாட்டுக் காவல் ஊர்திகளிலும் 'எத்லி' என்னும் வேல்சுச் சொல் ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக நிற்கின்றது. மொழி நலிந்த நிலத்திலும் மானம் நலியவில்லை.

இனி நம் மீனம்பாக்கத்திற்கு வருவோம். நிலையத்தின் முன்னுள்ள பெருந்தெற்குச் சாலையில் ஓடும் தமிழகக் காவல் ஊர்திகளிற் 'காவல்' என்னும் நம் சொல் பொலிகின்றது. ஆனால் அக்காவல் நிலையத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றது. காமராசர் பெயரும் அண்ணா பெயரும் சூட்டப்பெற்ற முனையங்களின் உள்ளே காவல் புரிவது நடுவண் தொழிலகக் காப்புப் படை. அங்கே தமிழனை எதிர்கொள்வது இந்தி.

இது தொன்றுதொட்டு வந்த முறையும் அன்று. முன்பெல்லாம் வானூர்தி நிலையங்களை அவ்வம் மாநிலக் காவல்துறையே காத்துவந்தது. 1999 திசம்பரில் இந்திய வானூர்தியொன்று காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பின்னர், 2000 பிப்பிரவரியிற் செய்ப்பூர் தொடங்கி, ஒவ்வொன்றாக நடுவண் படையின் கைக்குச் சென்றன. கடத்துவோரைத் தடுக்கக் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும். மறுப்பாரில்லை. இந்தி எதற்கு வேண்டும்?

2020 ஆகத்து 9ஆம் நாள், சென்னை நிலையத்தில், தமக்கு இந்தி தெரியாது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுக என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியை நோக்கி, 'நீங்கள் இந்தியரா?' என்று அப்படையின் அலுவலர் ஒருவர் வினவினார். இதனைக் கனிமொழியே வெளியிட்டார். எம்மொழியையும் வற்புறுத்துவது எம் கொள்கையன்று எனக் கூறிய படையினர், உசாவலுக்கும் ஆணையிட்டனர். 2023 திசம்பரிலோ, கோவா நிலையத்தில் இந்தியறியாத தமிழ்ப்பெண் ஒருவர்க்கு, இந்தியே 'தேசிய மொழி' எனப் பாடம் புகட்டப்பட்டதாகச் செய்தி வந்தது. கொள்கையன்று எனின், இத்துணிவு எங்கிருந்து முளைத்தது?

சட்டம் என்ன சொல்கின்றது? அரசியற் சட்டத்தின் 343ஆம் பிரிவு இந்தியை ஒன்றியத்தின் அலுவல்மொழி என்கின்றது. எம்மொழியையும் அச்சட்டம் 'தேசிய மொழி' எனச் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் அலுவல்மொழி விதிகளோ தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவ்விதிகளே அறைகின்றன. தில்லி எழுதிய விதியைத் தில்லியின் காவலனே அறியான் போலும்!

பல மாநிலத்தார் பணிபுரியும் படையில் யாவரும் தமிழ் கற்பது எங்ஙனம் என்பர் சிலர். 'சீட்டைக் காட்டுங்கள்', 'பையைத் திறவுங்கள்', 'அப்பக்கம் செல்லுங்கள்' என இருபது தொடர்களைக் கற்க எத்தனை நாள் வேண்டும்? மேலும், நடுவண் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடைபெறுகின்றது. அவ்வழியே சேரும் நம் இளைஞரைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நிலையங்களில் அமர்த்துக. தமிழறிந்தார் ஒருவரேனும் இல்லாத ஆய்விடம் தமிழ்மண்ணில் இருத்தல் கூடாது. இது வேண்டுகோளன்று, உரிமை.

தமிழரே, நம் பங்கும் ஒன்றுண்டு. ஊர்தியிற் 'காவல்' என்று எழுதியிருக்க, நாவிற் 'போலீசு' என்றே சொல்லித் திரிகின்றோம். எழுதிய சொல்லையே வாயில் வைக்காத நாம், வாயிலில் நிற்பவனை எவ்வாறு திருத்துவோம்? முதலிற் சொல்லை மீட்போம். தமிழ் கேட்டுத் துணிந்து நிற்போம். வாயிலோடு நின்ற காவல், பின்னர் உள்ளும் புகும்!