டபுள் புரமோஷனுக்கு முன் வகுப்பறைக் கதவு திறக்கட்டும்

அந்தமானின் டெய்ரி ஃபார்மிலும் ஜங்கிளிகாட்டிலும் பெற்றோர் பள்ளிக்குள் காலடி வைப்பது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்குத்தான்: ஒன்று அட்மிஷன், மற்றொன்று பேரண்ட்ஸ் மீட்டிங். மீட்டிங்கில் மார்க் ஷீட்டைப் பார்ப்பார்கள், கையெழுத்திடுவார்கள், கிளம்பிவிடுவார்கள். பாடம் நடக்கும் நேரத்தில் தம் பிள்ளை அந்த வகுப்பில் எப்படி இருக்கிறது என்று கண்ணால் கண்டவர்கள் அரிது. ஆனால் 'இவனுக்கு டபுள் புரமோஷன் கொடுத்தால் என்ன?' என்ற கேள்வி அதே மார்க் ஷீட்டை வைத்துத்தான் எழுகிறது. ஒரு குழந்தையின் ஓராண்டையே தாண்டவைக்கும் முடிவுக்கு இந்த ஒற்றைத் தாள் போதாது. பாடம் நடக்கும்போது பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க ஒவ்வொரு பருவத்திலும் நாள் ஒதுக்க வேண்டும். முந்தி நிற்கும் குழந்தையை முதலில் அது முந்தும் பாடத்தில் மட்டும் மேல் வகுப்புக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் அந்தமான் கல்வித்துறை எழுத்தில் விதியாக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

ஏன் பாடவாரியாக என்பதற்கு இருவரைப் பாருங்கள்: கணித மேதை ராமானுஜனும் இயற்பியலாளர் சி.வி. ராமனும் ஓராண்டுக்குள் முன்பின்னாகப் பிறந்தவர்கள். ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முதலிடம், 1907-இல், 18 வயதில், எம்.ஏ. எல்லாப் பாடமும் கைவந்த பிள்ளைக்கு வயதை மீறிய வகுப்பு பொருந்தியது. ராமானுஜனோ கணக்கில் ஆசிரியர்களுக்கே எட்டாத இடத்தில் இருந்தார், மற்ற பாடங்களில் தோற்றார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வைத் தாண்ட முடியவில்லை. எல்லாப் பாடத்திலும் ஒரே அடியாக நட என்று கட்டாயப்படுத்திய முறை, அந்த மேதையைப் பட்டமில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது. முழு வகுப்பைத் தாண்டுவது ராமன்களுக்குச் சரி. நம் பள்ளிகளில் அதிகம் இருக்கக்கூடியவர்கள் ராமானுஜன் வகைப் பிள்ளைகள். அவர்களுக்கு இன்றும் வழி இல்லை.

நம் தீவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, புத்தகத்தில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தையின் அறிவு மொழிக்கு அடியில் மறைந்து கிடக்கும். வாய்க்கணக்கை நொடியில் போடும் சிறுமி, வார்த்தைக் கணக்கின் ஆங்கில வாக்கியத்தில் தடுக்கி விழுவாள்; மார்க் ஷீட் அவளை 'சுமார்' என்று எழுதிவிடும். ஆங்கிலம் சரளமாக வரும் பையன், புரியாமலே மனப்பாடம் செய்து தொண்ணூறு வாங்குவான். அவன் வீட்டில் டபுள் புரமோஷன் பேச்சு எழும். இருவரில் யார் உண்மையில் முந்தி நிற்கிறார்கள் என்பது வகுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரியத் தொடங்கும். வாத்தியார் கேட்டதற்கு யார் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. கொடுத்த கணக்கை முடித்தபின் பிள்ளை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஜன்னலைப் பார்க்கிறதா, பக்கத்துப் பிள்ளையைச் சீண்டுகிறதா, தானே புதுக் கணக்கு உண்டாக்குகிறதா? 'முடித்துவிட்டாயா, பேசாமல் உட்கார்' என்பதே தினமும் அதற்குக் கிடைக்கும் பதிலா? பிறகு மேல் வகுப்பிலும் உட்கார்ந்து பாருங்கள். அங்கே நடப்பதும் இதே பாடத்தின் நீட்சிதான் என்றால், தாண்டுவதால் லாபமில்லை.

வகுப்பு தாண்டினால் பிள்ளை மனம் உடைந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 2004-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அப்படிப் பெரும் தீங்கு நேர்வதில்லை என்கிறது. 'சரியாக' என்ற நிபந்தனைதான் முக்கியம். அங்கே உருவான மதிப்பீட்டு முறை, அண்ணனோ அக்காவோ படிக்கும் வகுப்புக்குத் தம்பியை ஏற்றாதே என்கிறது. பிள்ளைக்கே விருப்பமில்லையென்றால் கைவிடு என்கிறது. கூட்டுக் குடும்பமும் ஒப்பீடும் பழகிப்போன நமக்கு இது தேவையான எச்சரிக்கை. பாடவாரியாக ஏறுவதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் வளர்ந்த கணிதவியலாளர் டெரன்ஸ் தாவ், ஆரம்பப் பள்ளியில் இருந்தபடியே கணக்குக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் வந்தார். மிகச் சிறு வயதில் ஒரு பள்ளியில் சேர்த்த பெற்றோர், அவர் அதற்கு இன்னும் தயாராகவில்லை என்று கண்டதும் தயங்காமல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2006-இல் அவர் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். மகனை டாக்டராக்கும் அவசரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: நீட் எழுத அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். தாண்டிய ஆண்டுகள் அந்த வாசலில் காத்திருப்பாகவே கழியும்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்கவும், பிள்ளையைப் பாடவாரியாக ஏற்றவும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவைக்கேற்ப கூடுதலாகக் கற்பிப்பதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. கற்கும் திறனைப் பற்றிப் பெற்றோரைச் சந்தித்துச் சொல்லவும் கடமைப்படுத்துகிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். வயதைப் பாராமல் நிலையைப் பார்த்துக் கற்பிப்பதும் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் குழந்தை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறியது. 2022-இல் தமிழ்நாட்டில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் சிறு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. பின்தங்கியவருக்காகச் செய்ய முடிந்ததை முந்துபவருக்கும் செய்யலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையும் ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடவேளையும் ஒரே மணியில் வரும்படி டைம்டேபிளை அமைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பெற்றோர் வந்து உட்கார்ந்தால் பாடம் கெடும், குறை கண்டுபிடிப்பார்கள் என்று ஆசிரியர்கள் தயங்குவது புரிகிறது. ஆகவே நாளும் நேரமும் முன்பே குறிக்கட்டும். ஒரு வேளைக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். பின் பெஞ்சில் பேசாமல் இருக்கட்டும். ஆசிரியரை மதிப்பிட அவர்களுக்கு உரிமை இல்லை. தினக்கூலிக்கும் படகுக்கும் போகும் பெற்றோர் வர முடியாத நாளை மட்டும் குறித்துவிட்டு 'யாரும் வரவில்லை' என்று எழுதிக்கொள்ளக் கூடாது. படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வாய்க்கும் சலுகையாக இது போய்விட்டால், தொடங்காமலே இருந்திருக்கலாம்.

கல்வித்துறை அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதற்கான சுற்றறிக்கையை வெளியிட வேண்டும். எந்தப் பாடத்தில், யார் பரிந்துரைத்து, எத்தனை வாரச் சோதனைக்குப் பின் ஒரு குழந்தை மேல் வகுப்பில் அமரலாம், சரிவராவிட்டால் அவமானமின்றித் திரும்ப என்ன வழி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டெய்ரி ஃபார்ம் பெற்றோரே, அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, வகுப்பைப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள்.