கேஸ் ஷீட்டில் இல்லாத சாதி

போன மாதம் எங்கள் காலனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எம்.எஸ்சி. உளவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். "அண்ணா, கிளினிக்கல் சைக்காலஜில பிஎச்.டி. பண்ணணும்னு ஆசையா இருக்கு. அப்ளை பண்ணலாமா? நீங்க முடிக்கப் போறீங்கள்ல, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நான் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன். "தாராளமா வாம்மா" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ரெண்டு நாள்ல கூப்பிடறேன்" என்றேன். இரண்டு நாள் இரண்டு வாரமாகிவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். இந்தத் துறைக்குள் வர நினைக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் அவளைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள்.

யாரும் சொல்லாத வழி

முதலில் ஒரு அடிப்படை விஷயம். இந்தியாவில் பிஎச்.டி. முடித்தால் மட்டும் ஒருவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அது ஆய்வுப் பட்டம். நோயாளியைப் பார்க்கும் தகுதி வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாக வரையறுக்கிறது: இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புதல் அளித்த இடத்தில், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியோடு படித்திருக்க வேண்டும். இத்தனை காலமும் அதற்கான பிரதான வழியாக இருந்தது இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியது. இந்தப் பிரிவுக்கு 2025-26 கல்வியாண்டு வரை கால நீட்டிப்பு கொடுத்தார்கள். சை.டி. என்கிற நான்காண்டுத் தொழில்முறை முனைவர் படிப்பும் இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் லட்சங்களில் போகும்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தபோது வயது 24. அதற்குள் கடன் வாங்கி ஒரு கவுன்சலிங் டிப்ளமோ முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழை எந்த மருத்துவமனையும் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. என்னோடு படித்த இன்னொருவன் பி.ஏ. சேரும்போதே எந்த நிறுவனம், எந்த நுழைவுத் தேர்வு, எந்தப் பேராசிரியர் என்று தெரிந்து வைத்திருந்தான். அவனுடைய சித்தி மனநல மருத்துவர். சாதி சொத்தாக மட்டும் கைமாறுவதில்லை, தகவலாகவும் கைமாறுகிறது. "தகுதி" என்று பின்னால் பெயர் வைக்கப்படுவதில் பாதி, சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது.

முப்பது மதிப்பெண்

பிஎச்.டி. சேர்க்கைக்கான 2022 விதிமுறைப்படி, பல்கலைக்கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வு என்றால் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. முப்பதுதானே என்று தோன்றும். அந்த முப்பதில்தான் எல்லாம் நடக்கிறது. ஜே.என்.யு.வில் அப்துல் நஃபே குழு 2016இல் சேர்க்கை மதிப்பெண்களை ஆராய்ந்து, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டில் சமூகப் பிரிவு சார்ந்த பாகுபாடு தெரிகிறது என்று சொன்னது. நேர்காணலின் எடையை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் நாடு முழுக்க முப்பது முப்பதாகவே இருக்கிறது.

நான் மூன்று முறை நேர்காணலுக்குப் போனேன். இரண்டாவது முறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினேன். எழுத்துத் தேர்வில் எழுபதுக்கு 58. நேர்காணலில் முப்பதுக்கு 9. அந்த நேர்காணலில் என் ஆய்வுத் திட்டத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இரண்டு. அப்பா என்ன வேலை, எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், இந்தத் தலைப்பை எடுக்க "பர்சனல்" காரணம் ஏதாவது உண்டா என்று கேட்டவை நான்கு. தமிழ்நாட்டில் "எந்தப் பக்கம்" என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும்.

சாதி என்பது "மாறி"யா?

மூன்றாவது முறை இடம் கிடைத்தது. விடுதிகளில் தங்கிப் படிக்கும் முதல் தலைமுறை தலித் மாணவர்களின் மன உளைச்சல்தான் என் தலைப்பு. முதல் ஆய்வுக்குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார்: "சாதியை எதுக்கு வேரியபிளா எடுக்கறீங்க? சோசியோ எகனாமிக் ஸ்டேட்டஸ் போதுமே. குப்புசாமி ஸ்கேல் இருக்கே."

குப்புசாமி அளவுகோல் 1976இல் வந்தது. குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்ப வருமானம் என மூன்றே மூன்றைக் கேட்கும். நகர்ப்புறக் குடும்பங்களுக்கானது. சாதி அதில் இல்லை. அதற்கும் முன்னால், 1964இல், கிராமங்களுக்காகப் பாரீக்கும் திரிவேதியும் ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். அதில் சாதி இருக்கிறது. எப்படி? பட்டியல் சாதி என்றால் 1 மதிப்பெண். அங்கிருந்து படிப்படியாக ஏறி, ஆதிக்க சாதி என்றால் 6. நம் துறை சாதியை அளந்த லட்சணம் இதுதான்: நகரத்துக்கு வந்தால் சாதியே இல்லை, கிராமத்தில் இருந்தால் நமக்கு ஒரு மார்க். ஒடுக்குபவனின் இடம் மதிப்பாகவும் ஒடுக்கப்பட்டவரின் இடம் குறைவாகவும் கணக்கில் ஏறுகிறது. அந்த ஆறு மதிப்பெண்காரர் ஒரு மதிப்பெண்காரருக்கு என்ன செய்தார் என்று கேட்க எந்த அளவுகோலிலும் கட்டம் இல்லை.

வருமானமும் படிப்பும் உயர்ந்தால் சாதி மறைந்துவிடும் என்றால், எம்.பி.பி.எஸ். முடித்து மும்பையில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த பாயல் தத்வியை நாம் 2019 மே மாதம் இழந்திருக்க மாட்டோம். பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த அவரை, மூத்த மாணவிகள் சாதி சொல்லித் துன்புறுத்தினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். படிப்பும் தொழிலும் வைத்துப் பார்த்தால் அவர் இருந்தது மேல்தட்டில்.

இப்படியெல்லாம் வாதாடினேன். முழுதாக ஜெயிக்கவில்லை. இதை மறைக்க விரும்பவில்லை: என் ஆய்வேட்டின் தலைப்பில் இன்று "சாதி" என்ற சொல் கிடையாது. "விளிம்புநிலைப் பின்னணி" என்று இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில்தான் சாதியைச் சாதி என்றே எழுத முடிந்தது. ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த இடம் ஒரு அத்தியாயம்.

நடைவழியில் சொன்ன கதை

இது ஆய்வேட்டோடு நிற்கும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. எம்.ஃபில். பயிற்சிக் காலத்தில் ஒரு பெண் பிள்ளையைப் பார்த்தேன். பதினேழு வயது இருக்கும். அடிக்கடி வலிப்பு போல வருகிறது, இ.இ.ஜி., ஸ்கேன் எல்லாம் நார்மல். மன அழுத்தம் உடலில் வெளிப்படும் டிசோசியேட்டிவ் பிரச்சினை என்று முடிவானது. கேஸ் ஷீட்டில் எல்லாம் நிரப்பினேன். தூக்கம், பசி, மாதவிடாய், மதம், குடும்ப வருமானம், பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா என்பது வரை.

மறுநாள் அம்மா என்னை நடைவழியில் ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, உள்ள சொல்ல முடியல. ஊர்த்தெருப் பையன் ஒருத்தன் இவகூடப் பேசிட்டு இருந்தான். அவங்க வூட்டு ஆளுங்க வந்து மெரட்டிட்டுப் போனாங்க. அன்னைக்கு ராத்திரிதான் மொதல்ல வந்துச்சு" என்றார். தருமபுரி இளவரசன், கோகுல்ராஜ், உடுமலை சங்கர் என்று அந்த அம்மா பெயர்களை அடுக்கவில்லை. அடுக்கத் தேவையும் இல்லை. அந்தப் பயம் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பயம்.

கேஸ் பிரசன்டேஷனில் இதைச் சொன்னேன். "அது சோசியாலஜி. நீ கிளினிக்கல் ஃபார்முலேஷன் சொல்லு" என்றார் மூத்தவர். ஏட்டில் பதிவானது: "பிரச்சினைகளைச் சமாளிக்கும் திறன் குறைவு." கொலை மிரட்டலுக்குப் பயந்த பிள்ளைக்குச் சமாளிக்கும் திறன் குறைவாம்.

யோசித்துப் பாருங்கள். பெற்றோர் சொந்தத்தில் மணந்தார்களா என்று கேட்கிற கேஸ் ஷீட், அந்தத் திருமணத்தைச் சாதிக்குள் பூட்டி வைத்திருக்கும் அமைப்பைக் கேட்பதில்லை. அகமணமே சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தார். நூறாண்டு தாண்டியும் எங்கள் துறைக்கு அது மரபணுத் தகவல் மட்டும்தான்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. "சிகிச்சை அறையில் சாதியைக் கேட்டால் நோயாளி காயப்பட மாட்டாரா?" நியாயமான கேள்வி. பயிற்சியில்லாத ஒருவர், அதுவும் ஆதிக்க சாதிக்காரர், படிவத்தைப் பார்த்து "நீங்க என்ன கம்யூனிட்டி" என்று கேட்டால் நிச்சயம் காயப்படுத்தும். அதனால் ஒரு கட்டம் சேர்த்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. பாலியல் வன்முறையைப் பற்றி எப்படிக் கேட்பது, தற்கொலை எண்ணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். சாதி வன்முறையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று ஒரு மணி நேர வகுப்புகூட எனக்கு நடக்கவில்லை.

என்னையும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஆதிக்க சாதி நோயாளி ஒருவர் மூன்றாவது அமர்வில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார் ஊர்ல எந்தப் பக்கம்?" பஸ் ஸ்டாண்ட் பக்கம் என்றேன். பொய். அன்று முழுக்க அந்தப் பொய் உறுத்தியது. மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "நீ ரொம்ப சென்சிட்டிவ்" என்றார். சிகிச்சை தருபவரின் உள்ளுணர்ச்சிகளை அலசுவதற்கென்றே இருக்கிற நேரம் அது. என் அவமானத்துக்கு அங்கே இடமில்லை.

நம்மைக் கூப்பிடுவது எப்போது?

2015 ஜூலையிலிருந்து ரோகித் வெமுலாவுக்கு ஆய்வு உதவித்தொகை நின்றுபோனது. 2016 ஜனவரி 17 அன்று அவர் இறந்தார். ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருப்பதைக் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். இப்படி ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் நிர்வாகங்கள் கூப்பிடுவது எங்கள் துறையைத்தான். கவுன்சலர் நியமிக்கிறார்கள், மன உறுதி பற்றிப் பட்டறை நடத்துகிறார்கள். நிறுவனம் செய்த குற்றம் மாணவரின் மனநோயாக மாற்றி எழுதப்படுகிறது. அதை எழுதித் தரும் பேனா உளவியலாளரின் கையில் இருக்கிறது. அந்தப் பேனாவை யார் பிடிப்பது என்பது அதனால்தான் அரசியல் கேள்வி.

பணம் இன்றும் அதே கதைதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000. மூத்த நிலையில் 42,000. காகிதத்தில் நல்ல தொகை. எனக்கு ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் அம்பேத்கர் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. நம் படிப்பு எப்போதும் அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை தெளிவு. நேர்காணலின் எடை குறைய வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்காணல் மதிப்பெண்களைப் பிரிவு வாரியாக ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிட வேண்டும். உதவித்தொகை மாதா மாதம் வர வேண்டும். எம்.ஃபில். போய் எந்தப் படிப்பு வந்தாலும் அரசு நிறுவனங்களில் இடங்கள் கூட வேண்டும், தனியாரிலும் இட ஒதுக்கீடு வேண்டும். சாதி வன்முறையை அறிந்து சிகிச்சை தருவது பாடத்திட்டத்தில் கட்டாயமாக வேண்டும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. வெவ்வேறு மனநலப் பிரச்சினைகளில் 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று சொன்னது. சிகிச்சைக்கு வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை, நடைவழியில் கதை கேட்கத் தெரிந்தவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும்.

நேற்று அவளைக் கூப்பிட்டேன். சேருமுன் அந்தப் படிப்புக்கு மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புதல் இருக்கிறதா என்று பட்டியலில் பார்க்கச் சொன்னேன். நெட் தேர்வுக்கு இப்போதே படிக்கச் சொன்னேன். வழிகாட்டியின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசாமல் கையெழுத்துப் போடாதே என்றேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். பிறகு தன் ஆய்வுத் திட்ட வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தூய்மைப் பணியாளர் குடும்பத்துப் பெண்களைப் பற்றிய ஆய்வு. தலைப்பில் "சாதி" இல்லை.

"ஏம்மா எடுத்துட்ட?" என்றேன்.

"போட்டா ரிஜெக்ட் பண்ணிருவாங்கன்னு சீனியர் சொன்னாங்கண்ணா."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதைத்தான் செய்தேன். "தலைப்பு உன் முடிவு. ஆனா சாதியோட போடறதா இருந்தா, கமிட்டில அவங்க கேக்கப்போற எல்லாக் கேள்விக்கும் நாம சேர்ந்து பதில் தயார் பண்ணலாம். எங்கிட்ட ஆறு வருஷத்துக் கேள்வி இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை உட்காருகிறோம். இதே துறையில் இருக்கும் இன்னும் மூன்று தோழர்கள் வருகிறார்கள். எனக்கு அப்படி உட்கார ஒருவரும் இருக்கவில்லை.

ஜெய்பீம்.