‘அசல் த்ரீ நாட் த்ரீ’ வாங்கப் போறீங்களா? ஒரு காந்தத்தோட போங்க

திண்டுக்கல்ல ஒரு மில் ஆபீஸ்ல வேலை பார்க்கிற நண்பன் சில மாசம் முன்னாடி போன் பண்ணினான். "மாப்ள, த்ரீ நாட் த்ரீ ரைபிள் ஒண்ணு வாங்கியிருக்கேன். ரெண்டாம் உலகப் போர் பீஸ். சுடாது, சுவத்துல மாட்டிக்கலாம். வருஷா வருஷம் விலை ஏறுமாம்." விலை 28,000 ரூபாய். அவன் சம்பளம் 31,000. கிரெடிட் கார்டுல 9 மாச இஎம்ஐ போட்டிருந்தான்.

தங்கம், மியூச்சுவல் ஃபண்ட்னு பேசுற இடத்துல துப்பாக்கி எதுக்குன்னு நினைக்காதீங்க. ‘கலெக்டிபிள்’னு சொல்லி விற்கிற வாட்ச், நாணயம் எல்லாத்துக்கும் இந்தக் கணக்குதான்.

அதைப் பார்க்கப் போனப்ப பெரியப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். நாகல் நகர்ல முப்பது வருஷம் பூட்டுக்கு அரம் போட்டவர். ரைபிளைக் கையில தொட்டதே இல்ல. ஆனா இரும்பு தெரியும். ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து குழல்ல வெச்சார். ஒட்டல. போல்ட்ல வெச்சார். ஒட்டல. "இது இரும்பே இல்லப்பா, வார்ப்பு"ன்னார். துத்தநாகக் கலவையை அச்சுல ஊத்தி எடுத்தது. டிரிகர் கார்டு ஓரத்துல அச்சு சேர்ந்த கோடு அப்படியே தெரிஞ்சது. திருகாணின்னு நினைச்ச ரெண்டு, வெறும் திருகாணி மாதிரி வார்த்த மொட்டு. நகத்தால தட்டினா சத்தம் மொண்ணையா வருது.

நம்ம ஊர்க்காரங்க பூட்டு வாங்குறப்ப இதைத்தான் பண்ணுவோம். கனம் பார்ப்போம், சாவியைத் திருப்பி உள்ளே லீவர் விழுற சத்தம் கேட்போம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டுதான், ஆனாலும் கையில பிடிச்சுப் பார்க்காம வாங்க மாட்டோம். அதே ஆளு 28,000 ரூபாயை ஒரு இன்ஸ்டாகிராம் போட்டோவைப் பார்த்துக் கொடுக்கிறான்.

தரம் வேற, அச்சு அசலா இருக்கிறது வேற. துத்தநாகத்துல கூட நேர்த்தியா செய்யலாம். ஆனா ‘லீ என்ஃபீல்டு’ன்னு சொல்லி விற்றா அது லீ என்ஃபீல்டு மாதிரி இருக்கணும். 1907-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கிட்ட மார்க் 3 மாடலோட நீளம் சுமார் 113 சென்டிமீட்டர், எடை 4 கிலோவுக்குக் கொஞ்சம் பக்கம். முனை மொட்டையா இருக்கும், குழல் வெளியே நீட்டிட்டு நிற்காது. போல்டை முன்னுக்குத் தள்ளி மூடுறப்பத்தான் ஸ்பிரிங் இறுகும். ஜெர்மன் மௌசர் 98-ல் கைப்பிடியைத் தூக்குறப்பவே இறுகிடும். நண்பனோடதுல எந்தப் பக்கமும் இறுக்கமே இல்ல, ஜன்னல் தாழ்ப்பாள் மாதிரி போயிட்டு வருது.

மேகஸினைப் பாருங்க. நண்பனோடது சதுரப் பெட்டி மாதிரி இருந்தது. அந்தச் சதுர மேகஸின் கல்கத்தா பக்கம் இருக்கிற இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரி, 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ1 மாடலோட அடையாளம். ரெண்டாம் உலகப் போர்ல அது எப்படி வரும்?

முத்திரையும் பேசும். அந்தக் காலத்து கைபர் கணவாய்க் கள்ள நகல்கள்ல விக்டோரியா ராணியோட ‘வி.ஆர்.’ முத்திரை இருக்கும், பக்கத்துலயே 1907-க்கு அப்புறமான வருஷம் இருக்கும். ராணி செத்தது 1901. சிலதுல என்ஃபீல்டுங்கிற பெயர்ல ஒரு எழுத்து திரும்பி நிற்கும். அசலான துப்பாக்கின்னா போல்ட் கைப்பிடியிலயும் பாடியிலயும் ஒரே நம்பர் அடிச்சிருப்பாங்க, ஏன்னா போல்டை அந்தந்தத் துப்பாக்கிக்குப் பொருத்திப் பார்த்துத்தான் போடுவாங்க. நண்பனோடதுல நம்பரே இல்ல. வாங்கினவங்க யாருமே பார்க்க மாட்டாங்கன்னு செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

சரி, விற்கிறவன் "ஒரிஜினல்"னு அடிச்சுச் சொல்றான்னு வைங்க. அவன் சொல்றது பொய்னா உங்க பணம் போச்சு. உண்மைன்னா இன்னும் மோசம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வெச்சிருக்கக் கூடாது. ரிப்பேர் பண்ணினாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்கு அதே சட்டத்துல விலக்கு இருக்கு. ஆனா சுடவே முடியாதுங்கிறதை போலீஸுக்கு யார் புரிய வைக்கிறது? இன்ஸ்டா பேஜ் வந்து நிற்குமா? இன்னொண்ணு, பொம்மைத் துப்பாக்கியைச் சுடுற மாதிரி மாத்துறதும் குற்றம். யூட்யூப் பார்த்துக் குழலைத் துளைக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இதே என்ஃபீல்டு போல்ட் அமைப்புல .315 ஸ்போர்ட்டிங் ரைபிளை நம்ம அரசு ஆயுதத் தொழிற்சாலை லைசென்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்குன்னே செஞ்சது. நிஜ மறுதயாரிப்புன்னா அதுதான். அதுக்குப் பில், நம்பர், லைசென்ஸ்ல பதிவு எல்லாம் உண்டு.

ஆசைப்பட்டு அலங்காரத்துக்கு வாங்குறது தப்பில்ல. எனக்கே அந்த மரக்கட்டையோட பாலிஷ் பிடிச்சிருந்தது. ஆனா அது சோபா மாதிரி, டூர் மாதிரி ஒரு செலவு. கையில மிச்சம் இருக்கிற காசுல வாங்குங்க, இஎம்ஐ-ல வேண்டாம். ‘விலை ஏறும்’னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: "அடுத்த வருஷம் இதே விலைக்கு நீங்களே திரும்ப எடுத்துக்குவீங்களா? எழுதித் தாங்க." தங்கத்தை எந்த நகைக்கடையும் அன்னைக்கு ரேட் பார்த்து, சேதாரம் கழிச்சாவது எடுத்துக்கும். நண்பன் இந்தக் கேள்வியை மெசேஜ்ல அனுப்பினான். ப்ளூ டிக் விழுந்துச்சு. மறுநாள் பிளாக் பண்ணிட்டாங்க.

வாங்கினா பில்லுல ‘அலங்காரப் பொருள், சுடாத மாதிரி’ன்னு எழுதி வாங்குங்க. வண்டியில கொண்டு போனா பெட்டிக்குள்ள கட்டிக் கொண்டு போங்க, பத்தடி தூரத்துல நிற்கிற போலீஸ்காரருக்கு அது துப்பாக்கியாத்தான் தெரியும்.

நண்பன் வீட்டு ஹால்ல அது இப்பவும் தொங்குது. இன்னும் 4 இஎம்ஐ பாக்கி.